தண்ணீர்ப் பந்தல் அமைக்கும் அன்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

பினாங்கில் ஆண்டுதோறும் தைப்பூசத்திற்குத் தண்ணீர்ப் பந்தல் அமைக்கும் குழுக்களின் பொறுப்பாளர்களுக்கும் தொண்டர்களுக்கும் வணக்கம்.

எங்கள் பாட்டி இறைவனடி சேர்ந்து ஓராண்டு கடந்துவிட்டது. துக்கம் காத்த அந்த ஆண்டில் நாங்கள் முருகன் கோயில் இருக்கும் தண்ணீர்மலைக்குப் போகவில்லை. தலைத்திவசம் முடிந்து, வரும் தைப்பூசத்திற்கு மீண்டும் போக இருக்கும் நிலையில் இம்மடலை எழுதுகிறேன். உங்களுள் பலருக்கு அவர் பெயர் தெரிந்திருக்காது. ஆனால் மலைக்குப் போகும் சாலையோரத்தில், வெளுத்த நூல்புடவையும் நெற்றி நிறைந்த திருநீறுமாக நின்று, வருவோர் போவோரையெல்லாம் ‘வாங்க சாமி, ஒரு வாய் குடிச்சிட்டுப் போங்க’ என்று அழைத்து நீர்மோர் கொடுத்த ஒரு மூதாட்டியைச் சிலராவது பார்த்திருப்பீர்கள். அவர் வாழ்ந்த வாழ்வை உங்களுக்குச் சொல்லவும், அதை முன்வைத்து ஒரு வேண்டுகோள் விடுக்கவும் விரும்புகிறேன்.

பாட்டி கெடாவில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர். ஜப்பானியர் காலத்தில் அவர் சிறுமி. 1942இல் தொடங்கி 1943இல் முடிக்கப்பட்ட 415 கிலோமீட்டர் நீளச் சயாம் மரண ரயில் பாதையை ஜப்பானியருக்காகப் போடும் வேலைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர்கள் கொண்டுசெல்லப்பட்டார்களே, அவர்களில் பாட்டியின் தகப்பனாரும் ஒருவர். அவர் திரும்பி வரவில்லை. மரவள்ளிக் கிழங்கையும் காட்டுக் கீரையையும் அவித்துப் பிள்ளைகளை உயிரோடு காப்பாற்றியவர் பாட்டியின் தாயார். அந்தப் பசியைப் பற்றிப் பாட்டி எங்களிடம் அதிகம் பேசியதில்லை. வாசலுக்கு யார் வந்தாலும், ‘பசின்னு வந்தவங்கள ஊரு பேரு கேக்காத, மொதல்ல தட்ட வை’ என்று அவர் சொல்லும் ஒரே வாக்கியத்தில் அந்தக் காலம் முழுவதும் இருந்தது என்று இப்போது தோன்றுகிறது.

திருமணமாகிப் பினாங்குத் தீவுக்கு வந்தபின் ஜார்ஜ்டவுனில் ஒரு பழைய கடைவீட்டின் மாடியில் குடித்தனம். தாத்தாவுக்குத் துறைமுகத்தில் மூட்டை தூக்கும் வேலை. 1969இல் பினாங்கு தன் சுங்கவரியற்ற துறைமுகத் தகுதியை இழந்தது. அதே காலத்தில், குடியுரிமை இல்லாமல் சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்தவர்கள் வேலை அனுமதி பெற்றால்தான் வேலை பார்க்க முடியும் என்ற சட்டமும் நடைமுறைக்கு வந்ததால், பிழைக்க வழியில்லாமல் குடும்பம் குடும்பமாகத் தமிழர்கள் ரஜூலா கப்பலேறி ஊருக்குத் திரும்பினார்கள். பாட்டியின் கீழ்வீட்டுக் குடும்பமும் அப்படிப் போனதுதான். போகும்போது, கப்பலில் கொண்டுபோக முடியாத பெரிய பித்தளை அண்டாவை அந்த வீட்டு அம்மாள் பாட்டியிடம் கொடுத்து, ‘நாங்க இல்லாட்டியும் பூசத்துக்கு இதுல மோரு ஊத்துங்க அக்கா’ என்று சொல்லிவிட்டுப் போனாராம். அண்டாவின் விளிம்பில் அந்த அம்மாளின் பெயர்தான் வெட்டப்பட்டிருக்கிறது. அதை அழித்துத் தம் பெயரை வெட்டிக்கொள்ளும்படி பின்னாளில் சிலர் சொன்னபோது பாட்டி இசையவில்லை. மோர் கொடுத்த காலம் முழுவதும் தாம் வேறொருவரின் நேர்த்திக்கடனைச் செலுத்துவதாகவே அவர் கருதினார்.

வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் முடிவுக்கு வந்து, 2000ஆம் ஆண்டை ஒட்டி ஜார்ஜ்டவுனின் பழைய வீடுகளிலிருந்து ஏழைக் குடும்பங்கள் வெளியேறியபோது நாங்களும் அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபெயர்ந்தோம். சமையலறைக்குள் நுழையாத அண்டா கூடத்தின் மூலையில் இடம்பிடித்தது.

அந்த மோரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். தைப்பூசத்திற்கு 48 நாட்களுக்கு முன்பே பாட்டி விரதம் தொடங்கிவிடுவார். ஒருவேளைச் சைவ உணவு, தரையில் பாய், விடியற்காலையில் குளியல். கூட்டு எனப்படும் சீட்டுப் பணம் அவர் முறைக்கு வரும் மாதத்தைத் தை மாதத்திற்கென்றே கேட்டு வாங்கி வைத்துக்கொள்வார். மாட்டுக்காரரிடம் சொல்லி வைத்து வாங்கிய பாலை முதல் நாள் இரவு உறைக்கு ஊற்றி, விடியுமுன் எழுந்து கடைந்து, வெண்ணெய் எடுத்து, தண்ணீர் விளாவி, தட்டிய இஞ்சி, விதை நீக்கிய பச்சை மிளகாய், கையால் கிள்ளிய கறிவேப்பிலை, கொத்தமல்லி, ஒரு துளி பெருங்காயம் எல்லாம் சேர்ப்பார். முதல் தம்ளர் முருகன் படத்துக்கு முன்னால் வைத்துப் படைத்த பிறகே மற்றவர்க்கு என்பதால், உப்பைக்கூட அவர் ருசி பார்த்துப் போட்டதில்லை. கையளவு ஒன்றுதான் கணக்கு, அது தப்பியும் நான் பார்த்ததில்லை. ஐஸ் போடமாட்டார். விரதம் இருந்து காய்ந்த தொண்டைக்கு ஐஸ் ஆகாது என்பார். அதற்குப் பதிலாக அண்டாவைச் சுற்றி நனைத்த துணி கட்டி, வெயில் ஏற ஏற அதன்மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருக்க வேண்டும். பேரப்பிள்ளைகளான எங்களுக்கு அதுவும் தம்ளர் கழுவுவதும் வேலை. யாருக்கும் அவர் தம்ளரை ஒரு கையால் நீட்டியதில்லை. இரு கையாலும் ஏந்திக் கொடுத்துவிட்டு, அவர்கள் குடித்து முடிக்கும்வரை முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார், இன்னும் வேண்டுமா என்று கேட்பதற்காக.

தைப்பூசத்திற்கு முந்திய நாள் தேர் வீதியுலா வரும்போது சாலை நெடுகத் தேங்காய் உடைக்கும் சீனர்களைப் பினாங்குக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எங்கள் பக்கத்து வீட்டுச் சீன அம்மையார் ஒவ்வோராண்டும் சீனியும் எலுமிச்சையும் வாங்கிக்கொண்டு வந்து கொடுப்பார். பாட்டி அதைத் தனியாகப் பானகத்துக்கு வைத்துக்கொள்வார். இருவருக்கும் பொதுவாக இருந்தது பாசார் மலாய் எனப்படும் கொஞ்சம் கடைத்தெரு மலாய் மட்டுமே. பாட்டியின் இறுதிச் சடங்கு முடியும்வரை அந்த அம்மையார் எங்கள் வீட்டை விட்டு நகரவில்லை என்பதையும் இங்கே பதிவு செய்யக் கடமைப்பட்டிருக்கிறேன்.

இனி உங்களிடம் வருகிறேன். 1894இல் வந்த வெள்ளி ரதத்தோடு 2017 முதல் தங்க ரதமும் சேர்ந்துகொள்ள, தண்ணீர்மலைத் தைப்பூசம் இன்று கண்கொள்ளாத திருவிழாவாக வளர்ந்திருக்கிறது. வந்து குவியும் இத்தனை பேருக்கும் சோறும் தண்ணீரும் கொடுத்து அனுப்புகிறவர்கள் நீங்கள்தாம். வேலைக்கு விடுப்பு எடுத்து, இரவு முழுவதும் கண்விழித்து, அடுப்படியில் வெந்து நீங்கள் செய்யும் தொண்டைக் குறைத்துப் பேச எனக்கு மனமும் இல்லை, தகுதியும் இல்லை. ஆயினும் பந்தல்கள் பெரிதாகப் பெரிதாக, நன்கொடையாளர் பதாகைகளுக்கும் ஒலிபெருக்கிகளுக்கும் கிடைக்கும் இடம், வீட்டிலிருந்து ஒரு பாத்திரத்தைச் சுமந்துவரும் எளிய மனிதர்களுக்குக் கிடைக்காமல் போய்விட்டது. பாட்டி தனியாக நிற்க முடியாத முதுமையை அடைந்தபோது, ஒரு பந்தலில் ஓரமாக நின்று கொடுக்க அனுமதி கேட்டோம். அங்கிருந்த இளைஞர் மரியாதையாகத்தான் பேசினார். ‘பாட்டி, டப்பா தண்ணி லாரி லாரியா வருது, இத இப்ப யாரு குடிக்கப் போறா’ என்றார். பாட்டி அவருக்கும் ஒரு தம்ளர் மோர் கொடுத்துவிட்டு, சாலைக்கு எதிர்ப்புறம் ஒரு வீட்டு வாசலில் அனுமதி வாங்கி நின்றுகொண்டார். உச்சி வெயிலுக்கு முன்பே அண்டா காலியாகிவிட்டது. அந்த இளைஞர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவர் முன்னால் இருந்த வரிசை அப்படி. ஆனால் மோரைக் குடிக்க ஆட்கள் இருந்தார்கள் என்பதை அவருக்கு யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். ஒவ்வொரு பந்தலிலும் ஒரு மேசை அளவு இடத்தை, குழு உறுப்பினர் அல்லாத முதியோர் தம் கையால் செய்ததைத் தம் கையாலேயே வழங்குவதற்கென ஒதுக்குங்கள். அவர்கள் உட்கார ஒரு நாற்காலியும், பாத்திரத்தைத் தூக்கிவர இரண்டு இளைஞர்களும் போதும். அந்த மேசை இருக்கும் பக்கம் ஒலிபெருக்கியைத் திருப்பி வைக்காதீர்கள். ஏனெனில் ‘வாங்க சாமி’ என்று ஒரு மூதாட்டி அழைப்பது நடந்து வருபவர் காதில் விழவேண்டும்.

சுகாதார விதிகள் குறித்து நீங்கள் தயங்குவது நியாயமே. உணவைக் கையாள்வோர் டைபாய்டு தடுப்பூசி போட்டு, அதற்குரிய பயிற்சியும் பெற்றிருக்க வேண்டும் என்பது நம் நாட்டு விதி. அந்த விதியைக் காட்டி முதியவர்களை விலக்குவதற்குப் பதிலாக, உங்கள் தொண்டர்களைப் பயிற்சிக்கு அழைத்துச் செல்லும் வண்டியிலேயே இவர்களையும் அழைத்துச் செல்லலாம் அல்லவா? செலவுதான் தடை என்றால், முதலில் முன்வரும் குழுவில் சேரும் முதியவர்களின் ஊசிக்கும் பயிற்சிக்கும் ஆகும் கட்டணத்தை எங்கள் குடும்பம் ஏற்றுக்கொள்ளும்.

தீபாவளி முடிந்ததும் பந்தல் வேலைகளுக்காக நீங்கள் கூடுவது வழக்கம். அந்த முதல் கூட்டத்திலேயே இதைப் பேசி முடிவெடுத்தால், விரதம் தொடங்குவதற்குள் விருப்பமுள்ள முதியவர்களைத் தேடிச் சொல்லிவிட நாளிருக்கும். என் அம்மாவும் சித்தியும் பெயர் கொடுக்கக் காத்திருக்கிறார்கள்.

பணிவன்புடன்,
பாட்டியின் பேத்தி,
பினாங்கு