படத்தில் விழாதவர்களுக்கு

அன்புடையீர்,

என் நண்பர்கள் இருவரின் திருமணப் படங்களைப் பார்த்துவிட்டு ஒரு வாரமாக என்னைப் பாராட்டித் தள்ளுகிறீர்கள். கூச்சமாக இருக்கிறது. அன்று எடுத்தவை 2,300 சொச்சம்; தேறியவை 410. அந்த 410-இல் என் கெட்டிக்காரத்தனத்தால் வந்தவை எத்தனை என்று எனக்குத் தெரியும். மீதிக்கு உரியவர்களிடம் நேரில் சொல்லிவிட்டேன். எல்லோர் முன்னிலையிலும் ஒருமுறை சொல்லவே இந்த மடல்.

மணமக்களே, உங்களிடமிருந்து தொடங்குகிறேன். நான் பறவைகளை எடுத்துப் பழகியவன். ஒன்று தவறினால் இன்னொன்று வந்து உட்காரும். திருமணத்தில் அப்படி இல்லையே என்று இரண்டு முறை மறுத்தேன். “நீ எடுத்தால் நாங்கள் விறைத்துக்கொண்டு நிற்க மாட்டோம்” என்று விடாப்பிடியாக நின்றீர்கள். சொன்னபடியே நாள் முழுக்க என்னை மறந்துபோனீர்கள். அதைவிடப் பெரிய உதவி வேறில்லை.

தன் இரண்டாவது கேமராவையும் 85 மி.மீ. லென்ஸையும் இரவல் கொடுத்த அண்ணனுக்கு அடுத்த நன்றி. திருமணப் படங்களே தொழிலாகக் கொண்டவர் அவர். “லென்ஸ் கிடக்கட்டும், முதலில் இரண்டு கேமராக்களின் கடிகாரத்தையும் நொடி பிசகாமல் ஒன்றாக்கு” என்றார். பெரிதாக எடுத்துக்கொள்ளாமல்தான் செய்தேன். படங்களை நேர வரிசையில் அடுக்கியபோதுதான் விளங்கியது. கடிகாரங்கள் ஐந்து நிமிடம் முன்பின் ஆகியிருந்தால், மணமகளின் அப்பா முதலில் அழுதிருப்பார், மகள் பிறகுதான் கட்டிப்பிடித்திருப்பாள்.

மண்டபத்தில் விளக்குகளைப் பார்த்துக்கொண்டவரின் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை. யாருக்கும் இடைஞ்சலாக இருக்கக்கூடாது என்று ஓசையே எழாத எலக்ட்ரானிக் ஷட்டரில் (ஒளியை உள்ளே விடும் நேரத்தைக் கட்டுப்படுத்துவது ஷட்டர்), 1/500 விநாடி வேகத்தில் எடுத்துக்கொண்டிருந்தேன். முதல் பத்துப் படங்களில் மணமகனின் முகத்தின் குறுக்கே இருண்ட பட்டைகள். கேமரா கெட்டுவிட்டது என்று கை சில்லிட்டது. அவர் திரையை எட்டிப் பார்த்து, “கேமராவுக்கு ஒன்றுமில்லை, என் எல்.இ.டி. விளக்குகள்தான்” என்றார். விநாடிக்கு 50 சுழற்சியாக வரும் மின்சாரத்தில் இந்த வகை விளக்கு 100 முறை மினுக்கும். நம் கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். சாதாரண ஷட்டருக்கு மாறி 1/100-இல் வைத்தேன். ஒரு மினுக்கல் முழுதும் அந்த அவகாசத்துக்குள் அடங்கிவிடும். பட்டைகள் போயின. மேடைக்கு மேலிருந்த ஊதா விளக்கையும் சொல்லாமலே அணைத்தார். ஊதா வெளிச்சத்தில் மனிதத் தோல் என்ன நிறம் காட்டும் என்பதை எடுத்துப் பார்த்தவர்கள் அறிவார்கள்.

கூரை கருமரம், பிளாஷை அதன் மேல் அடித்தால் வெளிச்சம் திரும்பி வராது. அந்த வெளிச்சத்தைத் திருப்பிவிட வெள்ளைத் தெர்மாகோல் அட்டையைத் தூக்கிக்கொண்டு இரண்டு மணி நேரம் என்னோடு அலைந்த பன்னிரண்டு வயதுத் தம்பிக்கு எப்படி நன்றி சொல்வது? பாதி நேரத்துக்குப் பிறகு நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நான் திரும்பும் பக்கத்துக்கு அட்டை எனக்கு முன்பே திரும்பியிருந்தது. என் தோளில் தொங்கியிருந்த கேமராவை அவன் ஒரே ஒருமுறைதான் கேட்டான். அவன் எடுத்த படம் ஆல்பத்தில் இருக்கிறது. எது என்று சொல்ல மாட்டேன்.

அன்றிரவே எல்லாக் கார்டுகளையும் இரண்டு ஹார்டு டிஸ்க்குகளில் ஏற்றி, ஒன்றைத் தன் வீட்டுக்கு எடுத்துச் சென்ற தோழனுக்கும் நன்றி. நானாக இருந்தால் தூங்கிப்போயிருப்பேன்.

கடைசியாக, மணமகளின் அத்தை. குழுப்படம் என்றாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். ஒருவரைப் பிடித்து நிறுத்தினால் இருவர் நழுவுவார்கள். அத்தை முதல் நாளே பதினான்கு குழுக்களை ஒரு தாளில் எழுதி வைத்திருந்தார். யாருக்கு முழங்கால் வலி, யாரை முதலில் எடுத்து அனுப்ப வேண்டும், யாரையும் யாரையும் பக்கத்தில் நிறுத்தக்கூடாது என்பது வரை அதில் இருந்தது. பதினான்கையும் இருபத்தைந்து நிமிடத்தில் முடித்தோம்.

வீட்டுக்கு வந்து பார்க்கிறேன், பதினான்கில் ஒன்றிலும் அத்தை இல்லை. எல்லோரையும் வரிசையில் தள்ளிவிட்டு என் பக்கம் வந்து நின்றுகொண்டிருக்கிறார். 217-ஆம் படத்தின் இடது ஓரத்தில் ஒரு தோளும் அந்தத் தாளைப் பிடித்த கையும் மட்டும் தெரிகின்றன. ஓரத்தை வெட்டினால் படம் இன்னும் அழகாகும் என்று இருவர் சொன்னார்கள். வெட்டவில்லை, அத்தை.

அன்புடன்,
உங்கள் நண்பன்