விலகிப்போன டீமோட மேட்ச் கணக்கு என்ன ஆச்சு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க விளையாட்டுப் பக்கத்துல அமெச்சூர் லீக் சீசன் முடிஞ்சத பத்தி போட்டிருந்தீங்க. கீழ் டிவிஷன் ஃபுட்பாலுக்கு அரைப் பக்கம் ஒதுக்கறதே பெரிய விஷயம், அதுக்கு முதல்ல நன்றி. ஆனா மூணாம் டிவிஷன்லேர்ந்து இறங்கின ரெண்டு டீமையும் சீசன் பூரா சொதப்பினவங்கன்னு ஒரே வரில முடிச்சுட்டீங்க பாருங்க, அத படிச்சுட்டு சும்மா இருக்க முடியல. கடைசி இடத்துல வந்தவங்கள பத்தி நான் ஒண்ணும் சொல்ல வரல, அது அவங்களுக்கே தெரியும். அதுக்கு மேல இருந்தது எங்க டீம். எங்கள கீழ தள்ளினதுல பாதி வேலை கிரவுண்டுல நடக்கல சார், கமிட்டி ரூம்ல நடந்தது.

டிவிஷன்ல 12 டீம், ஒவ்வொருத்தரும் மத்த எல்லாரோடயும் ரெண்டு ரவுண்டு ஆடணும், ஆளுக்கு 22 மேட்ச். அதுல ஒரு டீம் 14 மேட்ச் ஆடிட்டு ஆள் சேரல, இனிமே முடியாதுன்னு விலகிட்டாங்க. அவங்கள குத்தம் சொல்ல மாட்டேன், இந்த லெவல்ல எல்லாரும் வேலைக்குப் போயிட்டு வந்து ஆடறவங்கதான், நாலு பேருக்கு ஷிஃப்ட் மாறினாலே பதினோரு பேர் தேறாது. கமிட்டி என்ன பண்ணாங்கன்னா, அந்த டீம் ஆடின 14 மேட்சையும் மொத்தமா அழிச்சுட்டு புது பாயிண்ட்ஸ் டேபிள ஃபோட்டோ புடிச்சு குரூப்ல போட்டுட்டாங்க. அவ்ளோதான், விளக்கம் கிடையாது.

எல்லாருக்கும் ஒரே மாதிரிதான அழிச்சாங்க, இதுல என்ன அநியாயம்னு கேக்கலாம். கணக்கு போட்டு பாருங்க. நாங்க அந்த டீம ரெண்டு தடவையும் ஜெயிச்சவங்க, 6 பாயிண்ட் போச்சு. எங்க கூட ரெலிகேஷன்ல, அதாவது கீழ் டிவிஷனுக்கு இறங்காம இருக்க, மல்லுக்கட்டிட்டு இருந்த இன்னொரு டீம் அவங்ககிட்ட முதல் ரவுண்டுல தோத்து ரெண்டாவது ரவுண்டுல டிரா பண்ணவங்க, அவங்களுக்கு போனது 1 பாயிண்ட். ஆக ஒரு பந்தக்கூட உதைக்காம எங்களுக்கும் அவங்களுக்கும் நடுவுல 5 பாயிண்ட் மாறிடுச்சு. சீசன் முடிவுல அவங்க எங்கள விட 2 பாயிண்ட் மேல. அழிக்காம விட்டிருந்தா நாங்க 3 பாயிண்ட் மேல இருந்திருப்போம்.

இதுல கூத்து என்னன்னா, அந்த மேட்ச்ல போட்ட கோல் எல்லாம் போச்சு, எங்க ஸ்ட்ரைக்கர் பேருக்கு எதிர்ல இருந்த எண்ணிக்கையும் குறைஞ்சுது, ஆனா அதே மேட்ச்ல வாங்கின யெல்லோ கார்டு மட்டும் அப்படியே இருக்கு! அத கணக்குல சேத்து ஒருத்தன அடுத்த மேட்ச்ல உக்கார வச்சாங்க. எங்க லெஃப்ட் பேக்குக்கு அந்த ரெண்டாவது மேட்ச்லதான் காரை எலும்பு உடைஞ்சுது, சேத்துல வழுக்கி ஒருத்தன் மொத்தமா மேல விழுந்தான், பையன் அதுக்கப்புறம் அந்த சீசன்ல ஆடவே இல்ல. ரெக்கார்டு படி அந்த மேட்ச் நடக்கவே இல்லியாம். அவன்கிட்ட போய் சொல்லுங்க பாப்போம்.

இதெல்லாம் புதுசும் இல்ல. இங்கிலாந்துல அக்ரிங்டன் ஸ்டான்லி கிளப் 1962 மார்ச்ல பணக் கஷ்டத்துல நாலாம் டிவிஷன்லேர்ந்து விலகினப்ப அவங்க ஆடியிருந்த 33 மேட்சையும் இப்படித்தான் அழிச்சாங்க. 2020ல கொரோனா வந்தப்ப அங்க கீழ்மட்ட லீக் நிறைய சீசனோட ரத்து, ஜெர்சி புல்ஸ்னு ஒரு டீம் ஆடின 27 லீக் மேட்சையும் ஜெயிச்சுட்டு மேல் டிவிஷனுக்கு ப்ரமோஷன் இல்லாம நின்னாங்க. அது கொரோனா, உலகமே நின்னுச்சு, சரி. ஆனா இங்கிலாந்து அமெச்சூர் லீக் ரூல்ல ஒரு கோடாவது போட்டு வச்சிருக்காங்க, விலகற டீம் முக்கால்வாசி மேட்ச் ஆடி முடிக்கலன்னாதான் அழிப்பாங்க. செஸ்ல எல்லாரும் எல்லாரோடயும் ஆடற ரவுண்ட் ராபின் டோர்னமெண்ட்ல பாதி கேம் ஆடினவர் விலகினா ஆடின ரிசல்ட் நிக்கும், மீதிய எதிராளிக்கு குடுத்துடுவாங்க. எங்க லீக்ல அந்த மாதிரி எழுதி வச்ச கோடே கிடையாது, அன்னிக்கு மீட்டிங்ல யார் சத்தமா பேசறாங்களோ அதுதான் ரூல்.

முக்கால்வாசி ரூல் இருந்திருந்தா எங்களுக்கு ஒண்ணும் லாபம் இல்ல, 22ல 14 முக்காலுக்குக் கம்மி, அப்பவும் அழிச்சுதான் இருப்பாங்க, தெரிஞ்சேதான் சொல்றேன். எனக்குப் பட்டது வேற. முதல் ரவுண்டுல எல்லா டீமும் அவங்கள ஒரு தடவ சந்திச்சாச்சு இல்ல, அந்த 11 மேட்ச அப்படியே வச்சுட்டு ரெண்டாவது ரவுண்டுல அரைகுறையா ஆடினத மட்டும் அழிக்கலாமே, அதுல யாருக்கும் கூட குறைச்சல் வராதே. அப்படி பண்ணியிருந்தா நாங்க 1 பாயிண்ட்ல தப்பிச்சிருப்போம். சொந்த டீம் இறங்கினதால பேசறான்னு நினைச்சா நினைச்சுக்கோங்க, இறங்கினவன்தான் இத உக்காந்து கணக்கு போடுவான், சாம்பியன் ஏன் போடப்போறான்.

இன்னொண்ணு. இறங்க வேண்டியது ரெண்டு டீம். விலகினவங்கள அதுல ஒண்ணா எண்ணியிருந்தா கடைசி டீம் மட்டும் இறங்கியிருக்கும், விஷயம் முடிஞ்சது. அப்படி எண்ணாம மிச்சம் இருந்த 11 டீம்லேர்ந்து ரெண்ட இறக்கிட்டாங்க, அப்புறம் அடுத்த சீசனுக்கு 12 வரலையேன்னு கீழேர்ந்து ரெண்டுக்கு பதிலா மூணு டீம ஏத்திட்டாங்க. மேல வந்த மூணாவது டீம் நல்ல பசங்க, அவங்க மேல எனக்கு கோவம் இல்ல, ஆனா அந்த இடம் எங்கேர்ந்து வந்துதுன்னு ஒருத்தர் சொல்லணும் இல்லியா.

உங்ககிட்ட ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த சீசன் ஃபிக்ஸ்சர், அதான் மேட்ச் அட்டவணை, வர்றப்ப, டீம் விலகினா என்ன ரூல்னு லீக்காரங்ககிட்ட கேட்டு அத ஃபிக்ஸ்சருக்கு கீழயே நாலு வரி போடுங்க. நாங்க கேட்டா பதில் வராது, பேப்பர்லேர்ந்து கேட்டா வரும்.

இப்படிக்கு,
நாலாம் டிவிஷனுக்குப் போன ஒரு டீமின் மேனேஜர்