இடம்வலம் திரும்பிய கேள்விக்குறி

அன்புள்ள கதிரேசா,

உன் கடிதமும் நாடகப் பிரதியின் முதல் அங்கமும் ஒரே உறையில் வந்து சேர்ந்தன. கண் அறுவை நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் பெரிய நிம்மதி. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விடு. இங்கே எல்லோரும் சௌக்கியம்.

நடிகர்கள் முதல் வாசிப்பிலேயே தொனியைத் தவறவிடுகிறார்கள், அதற்குக் குறி ஏதாவது உண்டா என்று கேட்டிருந்தாய். மூன்று இடங்களைச் சொல்லியிருக்கிறாய்: பதில் எதிர்பார்க்காத கேள்வி, அதிர்ச்சியோடு வெடிக்கும் கேள்வி, குத்தலான பேச்சு. மூன்றுக்குமே ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் குறிகள் செய்து பார்த்திருக்கிறார்கள். முதலாவதை நீ எடுத்துக்கொள். இரண்டாவது இல்லாமலும் வேலை ஓடும். மூன்றாவதைத் தொடாதே.

முதலாவது இதுதான்: ⸮. 1580களில் லண்டனில் அச்சகம் நடத்திய ஹென்றி டென்ஹாம் பயன்படுத்தியது. பதில் வேண்டாத கேள்விக்கு, வழக்கமான கேள்விக்குறியை இடம்வலமாகத் திருப்பிப் போட்டார். நல்ல யோசனை. ஆனால் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வழக்கொழிந்துவிட்டது. ஈய எழுத்தைக் கையாண்டவர்களுக்கு ஒரு காரணம் உடனே புரியும். கேள்விக்குறியை ஸ்டிக்கில் (எழுத்துகளை வரியாகக் கோக்கும் கைச்சட்டத்தில்) தலைகீழாகத் திருப்பி வைத்தால் ¿ வரும், ⸮ வராது. கண்ணாடியில் தெரிவதுபோன்ற உருவம் வேண்டுமென்றால் புதிதாக ஓர் எஃகு அச்சு வெட்டி, அதிலிருந்து அச்சுவார்ப்பு எடுத்து, கேஸில், அதாவது எழுத்துகளைப் பிரித்து வைக்கும் பெட்டியில், தனி அறை ஒதுக்க வேண்டும். பக்கத்துக்கு ஒருமுறைகூட வராத குறிக்காக எந்த அச்சகம் இவ்வளவு செலவு செய்யும்? ஸ்பானிய ¿ பிழைத்ததற்கு வேறு பலமும் இருந்தது. 1754இல் அவர்களுடைய மொழிக் கழகமே அதை விதியாக்கியது. அந்த மொழியில் சொல்வரிசை மாறாமலேயே ஒரு வாக்கியம் கேள்வியாகிவிடும். எனவே குரலை எங்கே ஏற்றுவது என்று வாசிப்பவருக்கு முன்கூட்டியே தெரிய வேண்டியிருந்தது.

இந்த இடத்தில் ஆர்மீனியர்களைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். அவர்கள் கேள்விக்குறியை வாக்கியக் கடைசியில் போடுவதே இல்லை. எந்தச் சொல்லைக் கேட்கிறார்களோ அந்தச் சொல்லில், அழுத்தம் விழும் உயிரெழுத்தை ஒட்டி மேலே ՞ என்று ஒரு சிறு சுழியாகப் போடுகிறார்கள். வியப்புக்கு ՜, அழுத்தத்துக்கு ՛, அவையும் அப்படியே. குரல் எங்கே ஏறுகிறதோ அங்கேயே குறி. இன்றும் அவர்கள் செய்தித்தாளில் இது அன்றாட வழக்கு. நம்மிடம் இதே வேலையை ஆகாரம் செய்கிறது. 'நீயா நேற்று வந்தாய்', 'நீ நேற்றா வந்தாய்', 'நீ நேற்று வந்தாயா' என்று மூன்று இடத்தில் அதை வைத்து மூன்று கேள்வி கேட்கிறோம். கடைசியில் நாம் போடும் '?' அச்சோடு வந்து சேர்ந்த கூடுதல் அடையாளம்தான்.

தொனி விஷயத்தில் நம் இலக்கணம் இன்னும் ஆழமாகப் போயிருக்கிறது. தொல்காப்பியம் ஓகாரத்துக்கு ஆறு பொருள் சொல்கிறது. வினாவும் எதிர்மறையும் அவற்றில் இரண்டு. ஏகாரத்தின் ஐந்தில் முதலாவது தேற்றம், அதாவது உறுதி. சிலப்பதிகாரத்தில் பாண்டியன் சொல்லும் 'யானோ அரசன் யானே கள்வன்' என்பதை ஒருமுறை உரக்கப் படித்துப் பார். 'யானோ' என்பதில் கேள்வியும் 'இல்லை' என்ற பதிலும் சேர்ந்தே இருக்கின்றன. டென்ஹாம் ⸮ போட்டுக் காட்ட விரும்பியது இதைத்தான். அடுத்த 'யானே'யில் சந்தேகத்துக்கே இடமில்லை. ஏட்டில் ஒரு குறியும் கிடையாது, நான்கு சொல்லில் அரசன் விழுந்துவிடுகிறான். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும்.

அப்படியானால் ⸮ எதற்கு என்று நீ கேட்பாய். பேச்சுத்தமிழில் யார், என்ன, எங்கே என்று தொடங்கும் கேள்விகளில் ஓகாரம் உதவிக்கு வராது. உன் நாலாம் பக்கத்தில் வரும் 'இதை யாரு கேக்கப் போறா' என்ற வரியைப் பார். விவரம் தெரியாமல் கேட்டால் ஒரு தொனி, யாரும் கேட்கமாட்டார்கள் என்று அலுத்துக்கொண்டால் வேறு தொனி. எழுத்தில் இரண்டும் ஒன்றேதான். இந்த மாதிரி வரிகளுக்கு மட்டும் ⸮ போடு. முதல் அங்கத்தில் எண்ணிப் பார்த்தேன், ஏழு இடம் வருகிறது. பிரதியின் முதல் பக்கத்தில் 'இக்குறி வந்தால் குரலை ஏற்றாமல் இறக்கி முடிக்கவும்' என்று ஒரே வரி எழுதிவிட்டால் போதும்.

அதிர்ச்சிக் கேள்விக்கு உள்ளது ‽. 1962இல் நியூயார்க்கில் விளம்பர நிறுவனம் நடத்திய மார்ட்டின் ஸ்பெக்டர் கண்டுபிடித்தது. பெயர் இன்டரோபேங், 'பேங்' என்பது அச்சுக்காரர்கள் வியப்புக்குறிக்கு வைத்திருந்த செல்லப்பெயர். 1966இல் அமெரிக்கானா என்ற எழுத்துருவில் ஏறியது, 1968இல் ரெமிங்டன் தட்டச்சில் அதற்கு ஒரு விசையே கொடுத்தார்கள். அதற்குப் பிறகு வேகம் போய்விட்டது. சிறிய அளவில் குறியின் வயிறு மையில் அடைபட்டுக் கறுப்புப் புள்ளியாகத் தெரியும். அதைவிட முக்கியம், '?!' என்று இரண்டு விசையில் எல்லோரும் ஏற்கெனவே அதைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நீயும் '?!' போட்டுவிடு. ஒரே எழுத்தாக ⁉ வேண்டாம். பல கைப்பேசிகளில் அது வண்ணப் படமாக மாறிவிடும், பிரதியை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் பார்க்கச் சகிக்காது.

குத்தலுக்கு முயன்றவர்கள்தான் அதிகம். 1668இல் ஜான் வில்கின்ஸ் என்ற ஆங்கிலேயர் ¡ என்ற தலைகீழ் வியப்புக்குறியைச் சொன்னார். 1899இல் அல்கான்டர் தெ பிராம் என்ற பிரெஞ்சுக்காரர் கேள்விக்குறியைத் திருப்பி வாலை இழுத்துவிட்டார். 1966இல் எர்வே பசான் என்ற பிரெஞ்சு எழுத்தாளர் குத்தலோடு வேறு தொனிகளுக்கும் சேர்த்து ஒன்றுக்கு ஆறாகக் குறி வரைந்தார். அன்புக்கு அவர் வரைந்தது, எதிரெதிரே நிற்கும் இரண்டு கேள்விக்குறிகள் ஒரே புள்ளியில் சேர்ந்த இதய வடிவம், பார்க்க அவ்வளவு அழகு. 2007இல் நெதர்லாந்தில் மின்னல்போல் ஒடிந்த வியப்புக்குறி ஒன்று வந்தது. அடுத்தடுத்து இரண்டு போட்டால் நாஜிகளின் எஸ்எஸ் சின்னம்போல் தெரிகிறது என்றார்கள். ஒன்றுமே நிலைக்கவில்லை. குத்தல் என்பது கேட்பவர் தானாகப் புரிந்துகொள்ளும்போதுதான் தைக்கும். குறி போட்டு அறிவித்தால் வெறும் வசவாகிவிடும். உன் பாத்திரம் 'இவரு பெரிய கலெக்டராக்கும்' என்கிறாள். அந்த 'ஆக்கும்' ஒன்றே போதும். குத்தல் புரியாத வரிகள் என்று நீ கோடு போட்ட மூன்றிலும் 'ஆக்கும்', 'போல', 'தானே' ஆகியவற்றில் எது பொருந்துகிறது என்று பேசிப் பார்த்துச் சேர்த்துவிடு.

இனி ⸮ஐக் கணினியில் கொண்டுவருவது. வேர்டில் நம்லாக் போட்டு, ஆல்ட் விசையை அழுத்தியபடி வலப்பக்க எண் விசைகளில் 11822 அடி. இதையே சில எளிய மென்பொருள்களில் அடித்தால் வெறும் முற்றுப்புள்ளி வரும். அவை எண்ணை 256ஆல் வகுத்து மீதியை மட்டும் எடுத்துக்கொள்கின்றன; மீதி 46, அது முற்றுப்புள்ளியின் எண். வலைப்பக்கத்துக்கு ⸮ என்று எழுதினால் போதும். பார்க்க ஒரேபோல் இருக்கிறதே என்று அரபுக் கேள்விக்குறியை நகலெடுத்து ஒட்டாதே. அது வலமிருந்து இடம் போகும் எழுத்து. அதையடுத்து ஓர் எண் வந்தால், அந்த எண் குறிக்கு முன்னால் தாவிவிடும். உன் பிரதியில் காட்சி எண்களெல்லாம் இடம் மாறும்.

பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் ⸮ இருக்காது. கணினி வேறொரு எழுத்துருவிலிருந்து எடுத்துப் போடும், அது தடிமனாகவோ ஒல்லியாகவோ தனித்துத் தெரியும். சில இடங்களில் வெறும் கட்டம் வரும். எழுத்துருவின் உரிமம் திருத்த அனுமதித்தால், ஃபான்ட்ஃபோர்ஜ் என்ற எழுத்துரு திருத்தும் மென்பொருளில் நீயே செய்துகொள்ளலாம். அதே எழுத்துருவின் கேள்விக்குறியை நகலெடுத்து 11822க்குரிய கட்டத்தில் ஒட்டு, கிடைமட்டமாகத் திருப்பு. திருப்பும்போது கோடுகளின் சுற்றுத்திசையும் மாறிவிடும். அதைத் திருத்தும் கட்டளையைக் கொடுக்க மறந்தால் சில இடங்களில் உரு சரியாக நிரம்பாது. அடுத்து இடைவெளி. சாதாரணக் கேள்விக்குறியின் புடைப்பு வலப்பக்கம். திருப்பியதும் அது சொல்லின் பக்கம் வந்து, முன்னால் உள்ள துணைக்காலை முட்டும். எழுத்தின் முழு உயரத்தை 1000 அலகாகப் பிரித்த எழுத்துருவானால் இடப்பக்கம் 30 அலகு கூட்டிப் பார். சேமிக்கும்போது எழுத்துருவின் பெயரை மாற்றிவிடு, இல்லையென்றால் பழையதும் புதியதும் கணினியில் குழம்பும்.

பிடிஎஃப் எடுக்கும்போது எழுத்துருவை உள்ளேயே பதிக்கும் தேர்வைப் போட மறக்காதே. முதல் நான்கு பக்கங்களை மட்டும் அச்செடுத்து, கை நீளத்தில் வைத்து ⸮ஐயும் ?ஐயும் பிரித்தறிய முடிகிறதா என்று பார். மேடை ஒத்திகை வெளிச்சத்தில் 12 புள்ளி அளவு போதாது என்று நினைக்கிறேன், 14 வைத்துக்கொள். இரண்டாம் அங்கத்தையும் அனுப்பு, கோடு போட்டுத் தருகிறேன். அண்ணிக்கு என் வணக்கம்.

உன்,
மாணிக்கம்