தரையில் பதித்த திருகைகள்

அன்புள்ள முத்து,

உன் கடிதம் வந்து பதினைந்து நாளாகிறது. பேத்திக்கு அம்மை போட்டதில் வீடே தலைகீழாகக் கிடந்தது, இப்போது தேவலை. நேற்று மாவு மில் வரிசையில் நிற்கும்போதுதான் உனக்குப் பதில் எழுதாதது உறைத்தது.

ஐரோப்பிய நிலப்பிரபுத்துவம் இருதரப்பு ஒப்பந்தம் என்கிறாய். பாதி சரி. 843இல் பிரான்சின் வெர்டனில், மேற்கு ஐரோப்பாவின் பெரும்பகுதியை ஆண்ட பேரரசர் சார்லமேனின் பேரன்மார் அந்தப் பேரரசை மூன்றாகப் பங்கு போட்டுக்கொண்டார்கள். வைக்கிங்குகள் என்ற வடநாட்டுக் கடற்கொள்ளையர் ஆற்று வழியே வந்து கொள்ளையடித்தபோது, அரசன் படை திரட்டி வருவதற்குள் ஊர் சாம்பலாகிவிடும். பக்கத்தில் கோட்டை கட்டி நாலு குதிரை வைத்திருந்தவனை அண்டித்தான் பிழைக்க வேண்டும். அவனும் தன் வீரர்களுக்குக் குதிரை, கவசம் என்று கொடுத்து மாளாது. கையில் காசு புழங்காத காலம். நிலத்தைக் கொடுத்தான்.

1127இல் ஃபிளாண்டர்ஸுக்கு (இன்றைய பெல்ஜியப் பக்கம்) புதுப் பிரபு வந்த சடங்கை, புரூஜ் நகரத்து எழுத்தர் கால்பெர்ட் நேரில் இருந்து எழுதிவைத்திருக்கிறார். ‘என் ஆளாக இருக்கச் சம்மதமா?’ என்று பிரபு கேட்கிறான். அவனுக்கு ஆளாக வந்தவன் ‘சம்மதம்’ என்று கைகூப்ப, அந்தக் கைகளைப் பிரபு தன் இரு கைகளுக்குள் பொத்திக்கொள்கிறான். ஒரு முத்தம், புனிதர்களின் எலும்பு போன்ற புனிதப் பொருட்கள்மீது சத்தியம், கடைசியில் பிரபு ஒரு கோலால் நில உரிமை வழங்குகிறான். பல இடங்களில் வருஷத்துக்கு 40 நாள் போர்ச்சேவை செய்தால் போதும். 41ஆம் நாள் மூட்டையைக் கட்டலாம். நீ சொல்லும் ஒப்பந்தம் இதுதான்.

ஆனால் அது குதிரை ஏறியவர்களுக்குள் நடந்தது. உழுதவன் கையை யார் பொத்தினார்கள்? மகளைக் கட்டிக்கொடுக்கப் பிரபுவுக்குப் பணம், உழுதவன் செத்தால் அவன் தொழுவத்தில் இருப்பதிலேயே நல்ல மாடு. மாவுகூடப் பிரபுவின் ஆலையில்தான் அரைக்க வேண்டும், கூலியாக அதில் ஒரு பங்கை விட்டுவிட்டு.

இங்கிலாந்தில் செயின்ட் ஆல்பன்ஸ் ஊருக்கு அங்கிருந்த கிறிஸ்தவத் துறவிகள் மடம்தான் பிரபு. ஊர்க்காரர்கள் வீட்டிலேயே திருகையில் அரைத்துப் பார்த்தார்கள். மடத்தலைவர் ரிச்சர்ட் (அபூர்வமான வானியல் கடிகாரம் ஒன்றை வடிவமைத்த மேதை, அந்த மூளைக்கு இந்தப் புத்தி!) 1330களில் திருகைகளைப் பறித்து மடத்துக் கூடத்தின் தரையில் பதித்துவிட்டார். ஐம்பது வருஷம் அவற்றை மிதித்து நடந்தார்கள். 1381இல் இங்கிலாந்தில் உழவர் கிளர்ச்சி வெடித்ததும் ஊரார் உள்ளே புகுந்து கற்களைப் பெயர்த்து உடைத்து, மாதாகோயிலில் மந்திரித்த அப்பம் கொடுப்பதுபோல ஆளுக்கொரு துண்டாகப் பங்கிட்டு எடுத்துப் போனார்கள். அரைக்கக்கூட உதவாத துண்டு, முத்து.

தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

உன்,
ராமு