ஜீவனியை எதில் கரைக்கிறோம், எவ்வளவு தண்ணீரில்?

ஆசிரியர் அவர்களுக்கு,

மாரி வெள்ளம் கிணற்றுக் கட்டை மேவிப் பாய்ந்தால், வன்னியில் அடுத்து வருவது வயிற்றோட்டம். குளுக்கோசும் உப்பும் சேர்ந்த, தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் ஜீவனித் தூளை அறியாத வீடு இங்கு இல்லை. ஆனால் ஒரு லீற்றருக்கான பக்கற்றை ஒரு தம்ளருக்குள் கொட்டிக் கலக்குவதும், 'வயிறு ஆறட்டும்' என்று பிள்ளையைப் பட்டினி போடுவதும் இன்னும் நடக்கின்றன. இரண்டும் ஆபத்து.

வளர்ந்த ஒருவரின் சிறுகுடலுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 9 லீற்றர் நீர் வருகிறது. அதில் உண்பது குடிப்பதால் வருவது 2 லீற்றர்தான். மிச்சம் உமிழ்நீர், இரைப்பைச் சாறு, பித்தம், கணையச் சாறு, குடற்சாறு என்று உடலே சுரப்பது. இவ்வளவும் திரும்ப உறிஞ்சப்பட்டு, மலத்தோடு போவது 100 முதல் 200 மில்லிலீற்றர் மட்டுமே. கிருமி தாக்கினால் சுரப்பு கூடும், அல்லது உறிஞ்சல் குறையும். ஒரு குழந்தை சில மணி நேரத்திலேயே வற்றிவிடலாம்.

சோற்றின் மாப்பொருள் வாயிலும் சிறுகுடலிலும் உடைந்து குளுக்கோசாகிறது. குடற்சுவரில் உள்ள ஒரு புரதம் ஒரு குளுக்கோசையும் உப்பிலுள்ள சோடியம் இரண்டையும் சேர்த்தே உள்ளே எடுக்கும். பின்னால் தண்ணீர் போகும். வாந்திபேதியிற்கூட இந்த வழி பெரும்பாலும் கெடுவதில்லை. ஜீவனி வேலை செய்வது இதனால்தான். 1971இல் பங்களாதேஷ் அகதிகள் தங்கிய பொங்காவ் முகாமில், சேலைன் தீர்ந்தபோது மருத்துவர் திலீப் மஹலனாபிஸ் உப்பு, சீனிக் கரைசலை வாயால் கொடுத்துப் பெருந்தொகை உயிர்களைக் காத்தார்.

இன்றைய உலக சுகாதார நிறுவனக் கலவையில் லீற்றருக்கு 13.5 கிராம் குளுக்கோசும் 2.6 கிராம் உப்பும் உண்டு. தண்ணீர் குறைந்தால் கரைசல் தடிப்பாகி, குடலுக்குள் நீரை இழுத்து ஓட்டத்தைக் கூட்டும். உப்பும் இரத்தத்தில் ஏறிவிடும். மென்பானங்களில் லீற்றருக்கு 100 கிராம் அளவு சீனி இருக்கும், உப்போ மிகக் குறைவு. அதைக் கொடுக்கவே வேண்டாம்.

பக்கற்றில் எழுதிய அளவைப் பாருங்கள். கொதித்தாறிய தண்ணீரை அளந்து, முழுப் பக்கற்றையும் ஒரேயடியாகக் கரையுங்கள். கரைத்த பிறகு கொதிக்க வைக்காதீர்கள், சீனி சேர்க்காதீர்கள், 24 மணி நேரத்துக்குப் பிறகு ஊற்றிவிடுங்கள். ஒவ்வொரு தடவை வயிற்றாலே போன பிறகும் 2 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு 50 முதல் 100 மில்லிலீற்றர், அதற்கு மேல் 10 வயது வரை 100 முதல் 200. சத்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்துத் தேக்கரண்டியால் மெல்ல மெல்லப் பருக்குங்கள்.

தாய்ப்பாலை நிறுத்தக்கூடாது. சற்று வளர்ந்த பிள்ளைக்குக் கஞ்சி, குழைந்த சோறு, பருப்பு, வாழைப்பழம் கொடுக்கலாம். குடலின் உட்பூச்சுக் கலங்கள் சில நாட்களுக்கொருமுறை புதிதாகின்றன. அதற்கு உணவு வேண்டும். கண் குழிவிழுந்தால், சிறுநீர் நின்றால், மலத்தில் இரத்தம் கண்டால், குடிக்க முடியாமல் சோர்ந்தால் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.

தாய் சேய் கிளினிக்குகளில் பக்கற்றைக் கையில் கொடுக்கும்போதே ஒரு லீற்றர் போத்தலில் கரைத்துக் காட்டும்படி சுகாதாரத் திணைக்களத்தைக் கேட்கிறோம். வீட்டில் எந்தப் பாத்திரம் ஒரு லீற்றர் கொள்ளும் என்று பல தாய்மாருக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை.

சுகாதார ஊழியர்கள் சிலர்,
கிளிநொச்சி.