புத்தகத்துக்கு ஏது சத்தம்?

பேய்ப்படம் எடுக்கும் இயக்குநர்களுக்கும், அவற்றுக்கு ஒலி சேர்ப்பவர்களுக்கும் வணக்கம்.

போன வாரம் ஒரு படம் பார்த்தேன். பெயர் வேண்டாம். வீட்டில், இரவு பதினொரு மணிக்கு, விளக்கை அணைத்துவிட்டு, கையில் ரிமோட்டோடு உட்கார்ந்தேன். அம்மாவும் மகளும் கிசுகிசுவென்று ஏதோ பேசினார்கள். ஒன்றும் காதில் விழவில்லை, சத்தத்தை 40-க்கு ஏற்றினேன். உடனே அலமாரிக்குள்ளிருந்து ஒரு முகம் அலறிக்கொண்டு பாய்ந்தது. பக்கத்து அறையில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தை எழுந்து அழ ஆரம்பித்தது. 12-க்கு இறக்கினேன். மறுபடி கிசுகிசு. இரண்டு மணி நேரமும் இதே வேலை. படம் முடிந்தபோது எனக்குக் கட்டைவிரல்தான் வலித்தது. இருட்டிலேயே நடந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்தேன். நன்றாகத் தூங்கினேன்.

அதுதான் என் புகார்.

தூக்கிவாரிப்போடுவது வேறு, பயம் வேறு. நம் பேச்சில் இரண்டும் தனித்தனிச் சொற்களாகவே இருக்கின்றன. எதிர்பாராத நேரத்தில் பெரிய சத்தம் கேட்டால் இமை மூடும், தோள் தூக்கிக்கொள்ளும், கழுத்து உள்ளே இழுக்கும். பச்சைக்குழந்தைக்கும் இது உண்டு. எவ்வளவு தைரியசாலியானாலும் அடக்க முடியாது. உங்கள் திறமைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, என் பின்னால் யாராவது ஒரு எவர்சில்வர் தட்டைக் கீழே போட்டாலும் இதே துள்ளல்தான் துள்ளுவேன். சந்தேகமிருந்தால் தியேட்டரில் கவனித்துப் பாருங்கள். பேய் பாய்ந்த அடுத்த நொடி வரிசை முழுக்கச் சிரிப்பு. பயந்தவன் சிரிக்க மாட்டான். அவன் பக்கத்தில் இருப்பவரின் கையைத் தேடுவான்.

இப்போதெல்லாம் நான் பேய்ப்படத்தில் கண்ணை மூடுவதில்லை, காதைத்தான் பொத்திக்கொள்கிறேன். இசை திடீரென்று நின்றால் அடுத்து என்ன என்று எல்லாருக்கும் தெரியும். கண்ணாடி அலமாரிக் கதவைத் திறந்து மூடினால் பின்னால் ஒரு உருவம் நிற்கும் என்பதும் தெரியும். காதில் விரலை வைத்துக்கொண்டு பார்த்தால், உங்கள் பேய் யாரோ பல் வலியில் கத்துவதுபோல் இருக்கிறது.

சரி, சத்தமே இல்லாத இடத்துக்கு வருவோம். என்னைப் படுத்தி எடுத்த முதல் திகில் ஒரு சிறுகதை. டபிள்யூ. டபிள்யூ. ஜேக்கப்ஸ் 1902-இல் வெளியிட்ட 'குரங்கின் பாதம்'. மூன்று வரம் தரும் ஒரு காய்ந்த பாதம், ஒரு வயதான தம்பதியின் கையில் கிடைக்கிறது. 200 பவுண்டு கேட்கிறார்கள். மறுநாள் மகன் இயந்திரத்தில் சிக்கிச் செத்துப்போகிறான், கம்பெனி தரும் இழப்பீடு சரியாக 200 பவுண்டு. அவனைப் புதைத்துச் சில நாள் கழித்து, அம்மாவின் பிடிவாதத்தால் அப்பா இரண்டாவது வரத்தில் மகனைத் திரும்பக் கேட்கிறார். உடை அடையாளத்தை வைத்துத்தான் அந்த உடலைத் தன்னால் அறிய முடிந்தது என்பது அப்பாவுக்குத் தெரியும். அப்புறம், நள்ளிரவில் வாசல் கதவு தட்டப்படுகிறது.

அம்மா ஓடுகிறாள். கீழ்த்தாழ்ப்பாளை எடுத்துவிட்டாள். மேல்தாழ்ப்பாள் எட்டவில்லை. அவள் நாற்காலியைத் தரையில் இழுக்கும் சத்தம் கேட்கிறது. மாடியில் அப்பா தரையில் தவழ்ந்தபடி அந்தப் பாதத்தைத் தேடிக்கொண்டிருக்கிறார், மூன்றாவது வரத்துக்காக. கதவு திறந்தபோது வெளியே யாருமில்லை, வெறும் சாலை.

அவ்வளவுதான் கதை. கதவுக்கு வெளியே நின்றது எப்படி இருந்தது என்று ஒரு வரி கிடையாது. எனக்கு அப்போது பதினான்கு வயது இருக்கும். படித்த இரவு பாத்ரூம் போக வேண்டியிருந்தது, அதற்கு எங்கள் அறைத் தாழ்ப்பாளை எடுக்க வேண்டும். விடியும்வரை அடக்கிக்கொண்டு படுத்திருந்தேன். கட்டிலுக்கு வெளியே நீட்டியிருந்த காலை மட்டும் மெதுவாக உள்ளே இழுத்துக்கொண்டது நினைவிருக்கிறது. அந்தக் கதவுக்கு வெளியே இருந்தவனுக்கு முகம் வரைந்தது ஜேக்கப்ஸ் இல்லை, நான். என்னை எது பயமுறுத்தும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். நீங்கள் எங்களை அரள வைத்தால் போதும், பேயை நாங்களே செய்துகொள்வோம். நீங்களோ அரள வைப்பதை விட்டுவிட்டுப் பேயை மட்டும் செய்துகொண்டிருக்கிறீர்கள்.

புத்தகத்தில் முடியும், திரையில் எதையாவது காட்டித்தானே ஆக வேண்டும் என்று கேட்பீர்கள். உங்கள் தொழிலிலிருந்தே ஒரு கணக்கைக் காட்டுகிறேன். ஷெர்லி ஜாக்சன் 1959-இல் ஒரு பேய்வீட்டு நாவல் எழுதினார். அதில் ஒரு பெண், இருட்டில் எங்கோ குழந்தை அழும் சத்தம் கேட்டு, தோழியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டே படுத்திருக்கிறாள். விளக்கு எரிகிறது. பார்த்தால் தோழி தன் படுக்கையில் தள்ளி இருக்கிறாள். அப்படியானால் இவ்வளவு நேரமும் பிடித்திருந்தது யாருடைய கை? இந்த இடத்தை நான் பகலில், ஓடும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து படித்தேன். அப்போதும் என் வலது கையைப் பார்த்துக்கொண்டேன்.

அதே நாவலை ராபர்ட் வைஸ் 1963-இல் 'தி ஹான்டிங்' என்று கறுப்பு வெள்ளையில் எடுத்தார். கடைசிவரை ஒரு பேயும் தலைகாட்டாது. ஒரு மரக்கதவு மூச்சு வாங்குவதுபோல உள்பக்கமாகப் புடைக்கும். பின்னாலிருந்து தள்ளியே எடுத்த காட்சி அது. 1999-இல் அதே நாவல், அதே தலைப்பு, கையில் கம்ப்யூட்டர் கிராபிக்ஸ். சிலை அசைந்தது, சுவர் அசைந்தது, பேயும் நன்றாகத் தெரிந்தது. விமர்சகர்கள் கிழித்துத் தொங்கவிட்டார்கள். கதவைத் தள்ளியவர் யாரென்று எனக்குத் தெரியாது, ஆனால் அவருக்கு ஒரு சிலை வைக்கலாம்.

1975-இல் வந்த 'ஜாஸ்' படத்தில் சுறா அடக்கமாக இருப்பதற்குக் காரணம் கலை மட்டுமில்லை, ரிப்பேர். இயந்திரச் சுறா கடல்நீரில் மக்கர் செய்துகொண்டே இருந்ததால், ஸ்பீல்பெர்க் மஞ்சள் பீப்பாய்களையும் இரண்டு ஸ்வர இசையையும் வைத்துச் சமாளித்தார். உங்கள் கருவிகளும் அவ்வப்போது பழுதாகட்டும் என்று மனதார வேண்டிக்கொள்கிறேன்.

இக்காலத்து ரசிகனுக்குப் பொறுமை இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். 1999-இல் சூனியக்காரியைக் கடைசிவரை காட்டாத 'தி பிளேர் விட்ச் புராஜெக்ட்', சில்லறைச் செலவில் எடுக்கப்பட்டு உலகெங்கும் 25 கோடி டாலரை நெருங்கி வசூலித்தது. 1998-இல் வந்த ஜப்பானிய 'ரிங்'கில் கிணற்றிலிருந்து வரும் சடாகோ என்ற பேயின் நடையை எப்படி எடுத்தார்கள் தெரியுமா? நடிகையைப் பின்னோக்கி நடக்கவிட்டு, அந்தப் படச்சுருளைத் திருப்பி ஓட்டினார்கள். பார்க்கும்போது எது தப்பு என்று சொல்லத் தெரியாது, ஆனால் ஏதோ தப்பு என்று வயிறு சொல்லும்.

நான் சத்தத்துக்கு எதிரி இல்லை. 1942-இல் வந்த 'கேட் பீப்பிள்' படத்தில் ஒருத்தி இரவில் தனியாக நடக்கிறாள், பின்னால் இன்னொருத்தியின் காலடி. திடீரென்று அந்தக் காலடி நின்றுவிடுகிறது. இவள் வேகமாக நடக்கிறாள், ஓடுகிறாள், சீறலோடு குறுக்கே வந்து நிற்கிறது... ஒரு பஸ். உங்கள் திடுக்கிடல்களுக்கெல்லாம் பாட்டன் இந்த பஸ்தான். தயாரிப்பாளர் பெயரால் இன்றும் அதை 'லூட்டன் பஸ்' என்கிறார்கள். ஆனால் அது வருவதற்குள் என்னைத் தெருத்தெருவாக நடக்க வைத்துவிட்டார்கள். நீங்கள் நடக்கவே விடுவதில்லை, நேரே பஸ்ஸை ஏற்றிவிடுகிறீர்கள்.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு படத்தில், ஒரே ஒரு காட்சியில், இசை இல்லாமல் விட்டுப் பாருங்கள். தாழ்வாரத்தின் கடைசியில் ஒரு கதவு அரைகுறையாகத் திறந்திருக்கட்டும். யாரும் அதைக் கவனிக்க வேண்டாம், கேமராவும் கிட்டே போக வேண்டாம். அடுத்த காட்சியில் அது மூடியிருந்தால் போதும். பேய் ஏன் பேயானது என்று இருபது நிமிடம் விளக்காதீர்கள், விளக்கிய பிறகு அது பாவம், நமக்கு உறவுக்காரர் மாதிரி ஆகிவிடுகிறது. இருக்கிற ஒரே நல்ல காட்சியை டிரெய்லரில் போட்டுத் தொலைக்காதீர்கள். வசனத்தைக் கொஞ்சம் கேட்கும்படி வையுங்கள், குழந்தை தூங்குகிறது.

அப்படி ஒரு படம் எடுத்தால் முதல் வாரம் இரவுக் காட்சிக்கே வருகிறேன். திரும்பி வந்ததும் எல்லா அறைகளிலும் விளக்கைப் போட்டுவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுவேன்.

இப்படிக்கு,
இன்னமும் காலை உள்ளிழுத்துக்கொண்டு தூங்கும் ஒரு ரசிகை