வெளிநாடு செல்வோருக்கு வங்கிக் கிளை சொல்ல வேண்டியவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மேலப்பாளையத்திலிருந்தும் கடையநல்லூரிலிருந்தும் மக்காவுக்கு உம்ரா பயணத்துக்கும், பாளையங்கோட்டையிலிருந்து எருசலேம் புனிதப் பயணத்துக்கும், சிங்கப்பூரிலோ துபாயிலோ வேலை பார்க்கும் பிள்ளைகளின் வீட்டுக்கும் புறப்படுகிறவர்களில் அறுபதைக் கடந்தவர்கள் பலர். திருவனந்தபுரத்திலோ மதுரையிலோ விமானம் ஏறும்வரை பெட்டியின் எடை, கடவுச்சீட்டு நகல், மருந்துச் சீட்டு என அனைத்தையும் பயண ஏற்பாட்டாளர்கள் நினைவூட்டுகிறார்கள். சட்டைப் பையில் இருக்கும் டெபிட் கார்டு அங்கே வேலை செய்யுமா என்பதை மட்டும் எவரும் கேட்பதில்லை. கேட்க வேண்டியது வங்கிக் கிளை.

புதிதாக வழங்கப்படும் கார்டுகள் உள்நாட்டுப் பயன்பாட்டுக்கு மட்டுமே திறந்திருக்க வேண்டும், வெளிநாட்டுப் பயன்பாட்டை வாடிக்கையாளரே கேட்டுப் பெற வேண்டும் என்று 2020ஆம் ஆண்டு ரிசர்வ் வங்கி விதித்தது. மோசடியைத் தடுக்கும் நல்ல விதி அது. ஆனால் ஓய்வூதியம் எடுக்கவும் பாஸ்புக் பதியவும் மட்டும் கிளைக்கு வருகிற ஒருவர், ஜித்தாவின் ஏடிஎம் முன்னால் நிற்கும்போதுதான் இதை அறிய நேர்கிறது. அங்கிருந்தபடியே கைப்பேசியில் மாற்றிக்கொள்ளலாம் என்றால், அதற்கான ஓடிபி வரவேண்டிய இந்திய சிம்மைக் கழற்றிவிட்டு உள்ளூர் சிம்மைப் போட்டிருப்பார். கார்டு தொலைந்தாலும் இதே தவிப்புதான். புகார் எண் தொலைந்த கார்டின் பின்புறத்தில் இருக்கிறது, 1800 என்று தொடங்கும் இலவச எண்ணோ வெளிநாட்டிலிருந்து பொதுவாகக் கிடைப்பதில்லை.

இவற்றைவிட அதிகமாகப் பணம் கரைவது, கடையில் கார்டைச் செருகியதும் இயந்திரம் கேட்கும் ஒரு கேள்வியில். தொகையை இந்திய ரூபாயில் எடுக்கட்டுமா, அந்நாட்டு நாணயத்தில் எடுக்கட்டுமா என்று திரையில் தோன்றும். ரூபாய் என்றால் கணக்குப் புரியுமே என்று நம்மவர்கள் அதையே தொடுகிறார்கள். அப்படித் தொட்டால், மாற்று விகிதத்தை நிர்ணயிப்பது கடைக்காரர் சார்ந்த நிறுவனம். அதில் அவர்களுடைய லாபமும் சேர்ந்திருக்கும். அதற்கு மேலும் நம் வங்கிகள் சில தனிக் கட்டணம் பிடிக்கின்றன. அந்நாட்டு நாணயத்தைத் தேர்ந்தெடுத்தாலும் வங்கியின் கட்டணம் உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை: மூன்றரை விழுக்காடு பிடிக்கும் கார்டில் ஒரு லட்சம் ரூபாய்க்குச் செலவு செய்தால் 3,500 ரூபாய், அதன்மீது 18 விழுக்காடு ஜிஎஸ்டி 630 ரூபாய், ஆக 4,130 ரூபாய் போகும். ஆயினும் பெரும்பாலும் அதுவே குறைந்த இழப்பு. ஏடிஎம்மிலும் இதே கேள்வி வரும். ரூபாயாக மாற்ற வேண்டாம் என்று மறுத்தாலும் பணம் வரும் என்பது பலருக்குத் தெரியாததால், பயந்து ஒப்புக்கொண்டுவிடுகிறார்கள்.

டீக்கடை வரை ஸ்கேன் செய்து பழகிய நமக்கு யுபிஐ எங்கும் செல்லும் என்ற எண்ணமும் வந்துவிட்டது. இலங்கையில் 2024 பிப்ரவரி முதல் கடைகளில் அவ்வாறு செலுத்த வழியிருக்கிறது. ஆனால் வெளிநாட்டுப் பயன்பாட்டைச் செயலியில் தனியே இயக்கிக்கொள்ள வேண்டும். சிங்கப்பூருடன் 2023இல் ஏற்பட்ட இணைப்போ ஒருவர் மற்றொருவருக்குப் பணம் அனுப்புவதற்கானது. அதை நம்பிக் கடைக்குப் போக முடியாது.

ரொக்கத்துக்கும் வரம்புண்டு. பெரும்பாலான நாடுகளுக்கு ஒரு பயணத்தில் 3,000 டாலர் மதிப்புவரை வெளிநாட்டு நோட்டுகளாகக் கொண்டுசெல்லலாம். ஹஜ், உம்ரா பயணிகளுக்கு விதி வேறு.

இவ்வளவையும் பெரிய எழுத்தில், அரைப் பக்கத் தமிழில் அச்சிட்டுவிடலாம். காப்பீட்டுத் திட்டங்களுக்கும் நகைக்கடனுக்கும் சுவர் நிறையத் தட்டி வைக்கும் கிளைகளுக்கு இது பெரிய செலவல்ல. வெளிநாடு செல்வதாகச் சொல்லும் வாடிக்கையாளருக்குக் கிளையிலேயே கார்டைத் திறந்து கொடுத்து, வெளிநாட்டிலிருந்து அழைக்கக்கூடிய எண்ணையும் அந்தத் தாளில் எழுதித் தர வேண்டும். திருநெல்வேலி, தென்காசி மாவட்டங்களில் மற்ற வங்கிகளை ஒருங்கிணைக்கும் முன்னோடி வங்கிகள், ஆட்சியர் தலைமையில் நடைபெறும் வங்கியாளர் கூட்டத்தில் இதை எடுத்துக்கொண்டால், வரும் ரமலானுக்கு உம்ரா செல்வோர் கையிலாவது அந்தத் தாள் இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பாளையங்கோட்டை.